கைக்கடக்கமான டார்ச், ஹெட்லேம்ப்: அடுத்து என்ன வரணும்? உங்க விருப்பத்தை எழுதுங்க

#1 கும்மிருட்டு

ஒரே ஒரு நிபந்தனை: "இன்னும் அதிக லூமன் வேணும்"னு யாரும் எழுதாதீங்க. வெளிச்சத்தோட அளவான அந்த லூமன் தேவைக்கு மேலயே இருக்கு. வுர்கோஸ் டிஎஸ்10 டார்ச் விரல் நீளம்தான், உள்ள போறது ஒரு 14500 செல், அதாவது ஏஏ பென்சில் செல் அளவுலயே வர்ற லித்தியம் செல். அதுக்கே 1400 லூமன்னு போட்டு விக்கறாங்க. அது எத்தனை விநாடி நிக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

நான் கேக்கறது எல் வடிவ ஹெட்லேம்ப். 14500-ஐயும் சாதா ஏஏ செல்லையும் ஏத்துக்கணும். வார் தவிர்த்து, செல்லோட சேத்து 60 கிராமுக்குள்ள இருக்கணும். 14500 செல் சுமார் 20 கிராம், எனிலூப் (சார்ஜ் ஏத்தற ஏஏ செல்) 26-27 கிராம். பாடிக்கு 33 கிராம் மிஞ்சும், அலுமினியத்துல அது முடியற காரியம்தான். ஒரு நிமிஷத்துக்கு 500 லூமன் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஆனா 150 லூமன்ல வச்சா செல் தீர்ற வரைக்கும் மங்கக் கூடாது.

கணக்கு போட்டுப் பாத்தா இது பேராசை இல்ல. சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாக் காட்டுதுங்கற எண்) 90-க்கு மேல உள்ள நல்ல எல்இடி குறைஞ்ச கரண்ட்ல வாட்டுக்கு 120 லூமன் கிட்ட தரும். எல்இடிக்குக் கரண்டை அளந்து குடுக்கற டிரைவர் சர்க்யூட்ல 12 சதவீதம் போச்சுன்னா 105. அப்போ 150 லூமனுக்கு 1.4 வாட். 900 எம்ஏஎச் 14500-ல 3.2 வாட்-ஹவர் இருக்கு, ரெண்டேகால் மணி நேரம் வரும். எனிலூப்ல 2.4 வாட்-ஹவர், ஒண்ணேமுக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. இன்னும் பெரிய 18650 லித்தியம் செல் போட்டா ஒன்பது மணி நேரம் கிட்ட வரும்தான், ஆனா அந்தச் செல் மட்டுமே 47 கிராம்.

ஸ்கில்ஹண்ட் எச்150 இதுக்குக் கிட்ட வருது. ஸீப்ராலைட் எச்53 ஏஏ-க்குன்னே செஞ்சது. ரெண்டுக்கும் நடுவுல இன்னும் ஒரு இடம் காலியா இருக்கு. நீங்க சொல்லுங்க.

#2 பால்வெட்டு

குமரி மாவட்டத்துல ரப்பர் பால் வெட்டு விடியறதுக்கு முன்னாலேயே தொடங்கிரும். ஹெட்லேம்பு அங்க கத்தி, சிரட்டைக்கு அடுத்த தொழில் சாமான். அந்த வேலைக்கு 150 லூமன் வேண்டவே வேண்டாம், பாத்துக்கிடுங்க. நெத்திக்கும் மரத்துக்கும் ஒரு முழம், ஒன்றரை முழம் தூரம்தான். அந்தத் தூரத்துல 150 அடிச்சா பட்டையில வழியுற வெள்ளைப் பாலு கண்ணக் கூசும். கத்தி எவ்வளவு ஆழம் போகுதுன்னு தெரியாது. ஆழமாப் போச்சுன்னா மரத்துக்குக் காயம், அந்த இடத்துல புதுப் பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், பொறவு அதுல கத்தி வைக்க முடியாது. 40-லருந்து 60 லூமன் போதும். நடுவுல பொட்டு விழாம, ஓரம் தெரியாம, அகலமாப் பரவுற வெளிச்சமா இருக்கணும்.

கும்மிருட்டு போட்ட கணக்குப்படியே 50 லூமனுக்கு அரை வாட்டுக்கும் கீழதான். ஒரு 14500 ஆறரை மணி நேரம் வரும். அதனால சின்ன செல்லுங்கறது எனக்கும் சம்மதம். சங்கடம் எங்கன்னா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற படியில. 1, 15, 120, 500ன்னு வச்சா 15-ல கண்ணு வலிக்கும், 120-ல பாதி மரம் முடியும்போதே செல்லு தீந்துரும். நடுவுல உள்ள 50-ஐக் காணோம். ஒவ்வொரு படியும் முந்தினதுல மூணு மடங்குன்னு வைக்கட்டும்: 2, 6, 18, 50, 150. கண்ணுக்கு ஒரே சீரான ஏத்தமாத் தெரியும்.

அப்புறம் நிறம். நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சி மொய்க்கும். லைட்டு நெத்தியில இருந்தா பூச்சி மூக்குலயும் வாயிலயும்தான் வரும். கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும், 3000 கெல்வின்ல ஒரு வகை கட்டாயம் வேணும்.

#3 தகரடப்பா

"ஏஏ, 14500 இரண்டும்" என்று எழுத ஒரு வரி போதும். டிரைவர் செய்பவருக்குத்தான் தலைவலி.

வெள்ளை எல்இடிக்கு 2.7 முதல் 3.1 வோல்ட் வேண்டும். ஏஏ தருவது 1.2, ஆகவே பூஸ்ட் டிரைவர் வேண்டும். முழுசாகச் சார்ஜ் ஏறிய 14500 தருவது 4.2. பூஸ்ட் டிரைவர் வோல்டேஜை ஏற்றும், இறக்காது. 4.2 உள்ளே போனால் இண்டக்டரையும் டயோடையும் கடந்து நேரே எல்இடிக்குப் போய்விடும். அதனால் விலை குறைந்த மாடல்களில் 14500 போட்டதும் பூஸ்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு ஃபெட்டை (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வேகமாகத் திறந்து மூடி, அதாவது பிடபிள்யூஎம் முறையில், ஓட்டுகிறார்கள். ஏஏ-யில் சீராக எரிந்த அதே டார்ச், 14500-இல் செல் இறங்க இறங்க மங்குகிறது. கீழ்ப்படிகளில் மினுக்கலும் வரும். கைபேசி கேமராவைத் திறந்து வெளிச்சத்தைப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் அதுதான்.

இதற்கு நேர்த்தியான வழி ஒன்று இருக்கிறது: இரண்டு எல்இடிகளைத் தொடராக வைப்பது. அப்போது தேவை 5.4 முதல் 6.2 வோல்ட். செல் 0.9-இல் இருந்தாலும் 4.2-இல் இருந்தாலும் எப்போதும் ஏற்றும் வேலை மட்டும்தான். ஒரே பூஸ்ட் சர்க்யூட் போதும், பிடபிள்யூஎம் வேண்டாம். இரண்டு எல்இடிகளை அக்கம்பக்கமாக வைத்து முன்னால் சொரசொரப்பான லென்ஸ் போட்டால் பால்வெட்டு கேட்கும் அகல வெளிச்சமும் கூடவே வந்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 1.2-ஐ 6 ஆக்குவது ஐந்து மடங்கு ஏற்றம், அங்கே டிரைவர் திறன் 80 சதவீதத்தை ஒட்டி விழும். 150 லூமனுக்கு எல்இடி தின்பது 1.25 வாட் என்றால் செல்லிலிருந்து 1.3 ஆம்ப் இழுக்கும். எனிலூப்புக்கு இது தூசு. அல்கலைன் செல் பாதி தீர்ந்தபின் உள்தடை ஏறியிருக்கும். 1.3 ஆம்ப் கேட்டதும் வோல்டேஜ் சரியும், அதை ஈடுகட்ட டிரைவர் இன்னும் அதிகமாக இழுக்கும், வோல்டேஜ் இன்னும் சரியும். இந்த இடத்தில் டிரைவர் தானாக ஒரு படி இறங்க வேண்டும். பல மாடல்கள் இறங்காமல் பட்டென்று அணைந்துவிடுகின்றன. இருட்டில் அதைவிடக் கேடு வேறில்லை.

500 லூமன் ஏஏ-யில் கேட்காதீர்கள். நாலரை ஆம்ப் ஆகும். அது 14500-க்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

#4 மூணுகட்டை

பழைய மூணு கட்டை டார்ச்ல சுவிட்சைத் தள்ளினா எரியும், இழுத்தா அணையும். அணைச்சா அணைஞ்சதுதான். இப்ப வர்ற குட்டி டார்ச் எல்லாம் அணைச்ச பிறகும் உள்ள முழிச்சுக்கிட்டே கிடக்கு. எனக்கு வேணும்கறது ஒண்ணுதான்: பின்பக்கம் டிக்குனு அழுத்தற நிஜ சுவிட்ச், இல்ல தலையைத் திருகினா எரியற மாதிரி. முடியாதுன்னா, அணைச்ச நிலையில எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பெட்டி மேல அச்சடிக்கட்டும்.

#5 கும்மிருட்டு

ஹெட்லேம்ப்ல பின்பக்க சுவிட்ச் கைக்கு எட்டாது, மூணுகட்டை. எல் வடிவத்துல பக்கவாட்டு எலெக்ட்ரானிக் சுவிட்ச்தான் தோதா இருக்கும். ஆனா அச்சடிக்கணும்ங்கறது நியாயமான கோரிக்கை. நல்ல டிரைவர் 20 மைக்ரோஆம்ப் தின்னும். 900 எம்ஏஎச் செல்லுக்கு அது 45,000 மணி நேரம், அஞ்சு வருஷம். அதுக்குள்ள செல் தானாவே இறங்கிடும். இது பிரச்சினையே இல்ல.

பிரச்சினை சுவிட்சுக்குள்ள எப்பவும் எரியற அந்தப் பச்சைப் பொட்டு. அது அரை மில்லியாம்ப் எடுத்தா 1800 மணி நேரம், 75 நாள்ல செல் காலி. 18650-ல இதே பொட்டு ஒன்பது மாசத்துக்கு மேல தாங்கும், யாரும் கவனிக்கறதில்ல. சின்ன செல்லுக்கு மாத்தும்போது டிரைவரை அப்படியே தூக்கி வச்சுடறாங்க.

#6 தகரடப்பா

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிட்சைக் கவனிக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப் ஓட வழக்கமாக 1.8 வோல்ட்டாவது வேண்டும். ஏஏ-யில் அது கிடைக்காது, ஆகவே டார்ச் அணைந்திருந்தாலும் ஒரு குட்டி பூஸ்ட் சர்க்யூட் விழித்திருந்து கண்ட்ரோலருக்கு ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது 0.1 மில்லியாம்ப் எடுத்தால் எனிலூப் இரண்டு வருஷம் தாண்டும். 1 மில்லியாம்ப் எடுத்தால் 83 நாள். நல்ல பாகத்துக்கும் மலிவான பாகத்துக்கும் விலை வித்தியாசம் சில ரூபாய்கள்தான்.

தப்பிக்கும் வழி: பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைப்பது. இது மரைக்கு மின்சாரம் கடத்தாத அனோடைஸ் பூச்சு இருந்தால் மட்டுமே வேலை செய்யும். மரை பளபளவென்று வெறும் அலுமினியமாக இருந்தால் தளர்த்தினாலும் மரை வழியே தொடர்பு இருக்கும். ஆகவே பட்டியலில் எழுதுங்கள்: மரை அனோடைஸ் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

#7 நிறமாலை

எல்லோரும் வாட்டையும் ஆம்பையும் பேசுகிறீர்கள். வெளிச்சத்தின் நிறத்தைப் பற்றி ஒருவர்தான் வாய் திறந்திருக்கிறார், அதுவும் பூச்சிக்காக.

நிச்சியா 519ஏ எல்இடி வந்த பிறகு சின்ன டார்ச்சில் மோசமான நிறத்துக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. லுமினஸ் எஸ்எஸ்டி-20 4000 கெல்வினில் சிஆர்ஐ 95 என்று போட்டிருக்கும், எண்ணில் குறையில்லை. ஆனால் குறைந்த கரண்டில் பச்சை தட்டும். ஹெட்லேம்ப் வாழ்நாளில் முக்கால்வாசி குறைந்த கரண்டில்தான் எரிகிறது. சாம்சங் எல்எச்351டி-யிலும் இந்தப் பச்சை உண்டு. சிஆர்ஐ என்ற ஒற்றை எண் இதைக் காட்டாது. கறுப்புப்பொருள் கோட்டுக்கு (சாயலில்லாத வெள்ளையின் கோடு) மேலேயா கீழேயா என்று சொல்லும் டியூவி எண்ணையும் போட வேண்டும். பூஜ்யத்துக்கு மேலே போனால் பச்சைச் சாயல், கீழே போனால் ரோஜாச் சாயல். ஆர்9 எண்ணும் வேண்டும். ஆழ்ந்த சிவப்பு எப்படித் தெரியும் என்பது அதில்தான் இருக்கிறது. முதலுதவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காயத்தைப் பார்க்கிறவருக்கு அது அலங்கார எண் அல்ல.

கைவேலை தெரிந்தவர்களுக்கு: 519ஏ-யின் மேலிருக்கும் சிலிக்கோன் குமிழ் சுத்தமாகக் கழன்று வரும். குமிழை எடுத்தால் நிறம் மஞ்சளாகும், ரோஜாப் பக்கமும் நகரும். 5700 கெல்வின் எல்இடி 4500 பக்கம் வந்து நிற்கும். கொஞ்சம் லூமன் குறையும், வெளிச்சம் குவிந்து தூரம் கூடும். ஆகவே 4500 வேண்டுமென்றால் 4500 வாங்கிக் குமிழை எடுக்காதீர்கள், 3800-இல் போய் நிற்பீர்கள். வேறு பல எல்இடிகளில் இதைச் செய்தால் தங்கக் கம்பியோ பாஸ்பர் பூச்சோ கூடவே பிய்ந்து வரலாம்.

என் விருப்பம் சின்னது. ஒரே மாடலை 3000, 4000, 5000 என மூன்று நிறத்தில் விற்கட்டும். 6500 மட்டும் வைத்து "பகல் வெளிச்சம்" என்று எழுதுவதை நிறுத்தட்டும்.

#8 வல்லைவெளி

எங்கட பக்கம் முழுக்க உப்புக்காத்து. ரப்பர் மூடி போட்ட யுஎஸ்பி துளை உள்ள ரோச் எதையும் நான் நம்பமாட்டன். மூடி கொஞ்ச நாளில தளரும், பிறகு அது தானா வாயைத் திறந்துகொண்டு நிக்கும். வேர்வை வழிஞ்சு உள்ளுக்குப் போகும், துளைக்குள்ள பச்சை பிடிக்கும். காந்தத்தில ஒட்டிச் சார்ஜ் பண்ணுறது வேற தலையிடி. அந்த வயர் துலைஞ்சால் ஊரில மாத்து எடுக்கேலாது. காந்தமும் மணலில கிடக்கிற இரும்புத்தூள் எல்லாத்தையும் இழுத்து வச்சுக்கொள்ளும்.

எனக்குத் துளையே வேண்டாம். செல்லைக் கழட்டி வெளியில சார்ஜ் பண்ணுறன். சின்னச் சாமானில ஒரு துளை குறைஞ்சால் நீளமும் குறையும்தானே?

#9 தகரடப்பா

நீளமும் 4-5 மில்லிமீட்டர் குறையும், விலையும் குறையும். ஆனால் விற்காது. துளை இல்லாததை "பழைய மாடல்" என்று ஒதுக்குகிறவர்களே அதிகம். ஆகவே வைத்தால் ஒழுங்காக வைக்கச் சொல்வோம்.

ஒன்று, யுஎஸ்பி-சி துளையில் சார்ஜரிடம் கரண்ட் கேட்கும் சிசி1, சிசி2 இரண்டு முனைகளுக்கும் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் வேண்டும். அது இல்லாத டார்ச் ஒரு பக்கம் பழைய யுஎஸ்பி-ஏ, மறுபக்கம் சி உள்ள வயரில் சார்ஜ் ஏறும், இரண்டு பக்கமும் சி உள்ள வயரில் ஏறவே ஏறாது. "சார்ஜர் கோளாறு" என்று திருப்பி அனுப்பப்படும் பல டார்ச்சுகளின் வியாதி இதுதான். இரண்டு முனைகளையும் இணைத்து ஒரே ரெசிஸ்டர் போட்டாலும் தகராறுதான். 2019-இல் வந்த ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியின் முதல் பலகையே அப்படித்தான் சில வயர்களில் முரண்டு பிடித்தது.

இரண்டு, செல்லின் வோல்டேஜ் துளையின் முனைக்குத் திரும்பி வரக் கூடாது. வல்லைவெளி சொல்லும் பச்சை, வெறும் உப்பால் அவ்வளவு வேகமாகப் பிடிக்காது. முனையில் வோல்டேஜ் நின்றுகொண்டிருக்க, உப்புத்தண்ணீரும் சேர்ந்தால்தான் செம்பு மளமளவென்று அரிக்கும். சோதிப்பது சுலபம்: செல்லைப் போட்டு, யுஎஸ்பி வயரை டார்ச்சில் மட்டும் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காந்தச் சார்ஜ் தகடுகளுக்கும் இதே சோதனைதான். அதில் வோல்டேஜ் இருந்தால் பாக்கெட்டில் சாவிக்கொத்து உரசும்போது ஷார்ட் ஆகும்.

மூன்று, 14500-க்கு 1 ஆம்ப் சார்ஜ் அதிகம். 900 எம்ஏஎச்சுக்கு 0.45 ஆம்ப் போதும். 18650-க்குச் செய்த சார்ஜ் சிப்பை ரெசிஸ்டர் மாற்றாமல் போடுகிறார்கள்.

#10 புதுவரவு

ஒரு சந்தேகம். 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 கிடைக்கிறது. அதைப் போட்டால் 18650 ஹெட்லேம்பே போதுமே? ஏன் எல்லோரும் 3500-இலேயே நிற்கிறீர்கள்? இன்னொன்று, என் டிஎஸ்10 உச்சத்தில் போட்டால் ஐந்தாறு விநாடியில் மங்குகிறது, கை வைத்தால் சூடே இல்லை. செல் கோளாறா?

#11 கும்மிருட்டு

9900ன்னு அச்சடிச்சது பொய். நல்ல 18650 3500 எம்ஏஎச்ச ஒட்டித்தான் இருக்கும். தராசுல வச்சுப் பாருங்க. நல்ல செல் 45-லேர்ந்து 49 கிராம். பொய்ச் செல் பல நேரம் 40-ஐத் தொடாது, உள்ள சின்ன செல்லோ மாவோ இருக்கும். அதைச் சார்ஜர்ல போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க.

செல் வாங்கும்போது நீளத்தையும் பாருங்க. பேர்ல 65 மில்லிமீட்டர்னாலும் பாதுகாப்புச் சர்க்யூட் வச்ச 18650 67-லேர்ந்து 70 வரை போகும். குட்டையான பாடியில அது நுழையாது. அழுத்தி மூடினா ஸ்பிரிங் நசுங்கும், இல்ல செல்லோட தலை நசுங்கும். தலைகீழாப் போட்டா எரியாம இருக்க முன்னால ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பாங்க. அந்த மாதிரி டார்ச்ல தட்டைத் தலை செல் தொடாது, புடைச்ச தலைதான் வேணும். செல் நீளம், வளையம் இருக்கா, எந்தத் தலைன்னு மூணையும் பெட்டியில எழுதினா பாதிக் கேள்வி குறையும்.

மங்கறது செல் கோளாறா இருக்காது. டிஎஸ்10-ல ஓடற அண்டுரில் 2 மென்பொருள்ல வெப்பமானி கணக்கு தப்பா இருக்கும். டார்ச்சை ஒரு மணி நேரம் அணைச்சே வச்சுட்டு இதைச் செய்யுங்க:

பத்து முறை அழுத்தி, பத்தாவதை விடாம பிடிங்க. எளிய நிலையிலேர்ந்து முழு நிலைக்கு வந்துடும். அணைச்சுட்டு மூணு கிளிக், செல் வோல்டேஜை மின்னிக் காட்டும். அங்க ரெண்டு கிளிக், இப்ப மின்னறது வெப்பநிலை. அறையில 31 டிகிரி இருக்க, அது 48னு மின்னினா கோளாறு அதுதான். அங்கேயே ஏழு முறை அழுத்தி ஏழாவதைப் பிடிச்சுக்கோங்க. ஒரு தரம் மின்னினதும் விடுங்க, துடிக்க ஆரம்பிக்கும். உடனே 31 கிளிக் (உங்க அறையில எத்தனை டிகிரியோ அத்தனை). நிறுத்தாம, எண்ணிக்கை தப்பாம. அப்புறம் மறுபடி ஏழு, பிடிச்சு, ரெண்டாவது மின்னலுக்கு விடுங்க. இது உச்ச வரம்பு, 30-ஓட நீங்க அழுத்தற எண்ணிக்கை சேரும். 20 கிளிக்னா 50 டிகிரி.

வெயில் காலத்துல இந்த ஊர் வீட்டுக்குள்ளேயே 34-35 வரும். 45 வரம்பு வச்சா பத்து டிகிரிதான் மிச்சம். கையில பிடிக்கற டார்ச்சுக்கு 50 வைக்கலாம். நெத்தியில கட்டறதுக்கு 45-ஐத் தாண்டாதீங்க.

#12 தகரடப்பா

சின்ன உடம்புக்கு இந்தச் சூடு தப்பவே முடியாத விஷயம். 33 கிராம் அலுமினியமும் 20 கிராம் செல்லும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற 50 ஜூல் வேண்டும் என்று வையுங்கள். 500 லூமனில் 4 வாட் சூடாகவே போகிறது. பன்னிரண்டரை விநாடிக்கு ஒரு டிகிரி. 32-இல் தொடங்கினால் மூன்று நிமிஷத்தில் 46. காற்று கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். செல் 14500-ஆ வேறா என்பதெல்லாம் இங்கே செல்லாது, எடைதான் பேசும்.

இதனால்தான் பெட்டியில் இருக்கும் எண்களை நம்ப முடிவதில்லை. டார்ச்சுகளுக்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 தரத்தின்படி லூமனை அளப்பது எரியவிட்டு 30 விநாடி முதல் 2 நிமிஷத்துக்குள். எரியும் நேரம் எண்ணுவதோ அந்த 30-ஆவது விநாடி வெளிச்சம் 10 சதவீதத்துக்கு விழும் வரை. "500 லூமன், 3 மணி நேரம்" என்றால் மூன்று நிமிஷம் 500, மிச்ச நேரம் முழுக்க 60 என்று இருக்கலாம். இரண்டும் தரத்துக்கு உட்பட்டவைதான், யாரும் பொய் சொல்லவில்லை. என் விருப்பம் ஒன்றே: ஒவ்வொரு படிக்கும் நேரம்-வெளிச்சம் வரைபடம், பெட்டியின் பின்பக்கம். ஏஏ-க்கு ஒன்று, 14500-க்கு ஒன்று.

#13 பால்வெட்டு

வாரைப் பத்தி யாரும் பேசலியே. லைட்டு 55 கிராம், வார் 50 கிராமுன்னு விக்கிறாங்க. ஒத்தச் செல் ஏஏ லைட்டுக்குத் தலைக்கு மேல போற பட்டை எதுக்கு? 20 மில்லிமீட்டர் அகல ஒத்த வார் போதும். உள்பக்கம் சிலிக்கோன் கோடு ரெண்டு ஓடினா வேர்வையில வழுக்காது. கழட்டித் துவைக்கிற மாதிரி இருக்கணும். லைட்டைப் பிடிக்கிற சிலிக்கோன் வளையம் இறுக்கமா இருந்தா கையால கீழ சாய்க்கும்போது வாரும் சேந்து முறுக்கும், தளர்ந்தா நடக்க நடக்க லைட்டு தானாச் சாயும். பாடியில சின்னதா வரி வெட்டி விட்டாலே போதும், படிப்படியா நிக்கும்.

சுவிட்சு மேல்பக்கம் இருக்கட்டும். முன்பக்கம் வச்சா ஒவ்வொரு தரமும் விரல் வெளிச்சத்தை மறைக்கும், கையில ஒட்டின ரப்பர் பால் லென்சுல பூசும். காஞ்சு போன பாலு லென்சுல இருந்து உரிஞ்சு வந்துரும், சுவிட்சு ரப்பர் இடுக்குல போனா வராது.

#14 மூணுகட்டை

சிவப்பு விளக்கு எதுக்கு எல்லா ஹெட்லேம்ப்லயும்? காசுக்குக் கேடு.

#15 நிறமாலை

வானம் பார்ப்பவர்களுக்கு அது வேண்டும். மற்றவர்களுக்கு 3000 கெல்வினில் 0.1 லூமன் இருந்தால் அதே வேலை நடக்கும். இருட்டுக்குப் பழகிய கண் கெடுவது பெரும்பாலும் அளவால்தான். சிவப்பில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் காணாமலே போகும்.

வைத்தே தீருவேன் என்றால் வெள்ளையைத் தாண்டாமல் நேரே சிவப்புக்குப் போக வழி வேண்டும். வெள்ளை உச்சம் ஒரு முறை அடித்துவிட்டு சிவப்புக்கு வருகிற மாடல்களைச் செய்தவர்கள் இருட்டில் அதைப் போட்டுப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். அலைநீளமும் கவனிக்க வேண்டியது. 660 நானோமீட்டர் ஆழ்சிவப்பு கண்ணின் இருட்டுப் பார்வையைக் குறைவாகவே தொடும், ஆனால் அதே வாட்டுக்கு 620-ஐவிட ஆறில் ஒரு பங்கு வெளிச்சமாகத்தான் தெரியும். 14500 வைத்த ஹெட்லேம்ப்பில் 620 வைப்பதே புத்திசாலித்தனம்.

#16 வல்லைவெளி

பால்வெட்டு அண்ணை கேட்ட அகல வெளிச்சத்துக்குப் புது மாடல் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இருக்கிற ஹெட்லேம்ப் லென்ஸில டிசி-ஃபிக்ஸ் எண்ட, ஒளியைப் பரவ விடுற ஃபிலிம் ஒட்டலாம், யன்னல் கண்ணாடிக்கு ஒட்டுறதுதான். லென்ஸை ஐசோபுரோபைல் ஆல்கஹோலால துடையுங்கோ. ஃபிலிமை லென்ஸைவிட அரை மில்லிமீட்டர் சின்னதா வட்டமா வெட்டுங்கோ, விளிம்பு ஓ-ரிங் எண்ட ரப்பர் வளையத்தில ஏறினால் தண்ணி உள்ளுக்குப் போகும். ஒரு சொட்டு சவர்க்காரத் தண்ணி விட்டு ஒட்டினால் நகர்த்தி நேராக்கலாம். பிறகு பழைய ஏடிஎம் காட்டால நடுவில இருந்து வெளிப்பக்கமா வழியுங்கோ. வெளிச்சம் சொற்பம்தான் குறையும். நடுப்பொட்டு கரைஞ்சு போகும், தூரத்துக்கு வெளிச்சம் எட்டாது. தூரமும் வேணுமெண்டால் ஒட்டாதேங்கோ.

ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும். தேங்காயெண்ணெய் பூசினால் மண் ஒட்டும்.

#17 மூணுகட்டை

தகரடப்பா, அந்தக் காத்திருப்பு கரண்ட்டை வீட்டுலயே அளக்க முடியுமா? மீட்டரை மைக்ரோஆம்ப்ல வச்சா டார்ச் எரியவே மாட்டேங்குது.

#18 தகரடப்பா

எரியாது. மைக்ரோஆம்ப் அளவில் மீட்டருக்குள் இருக்கும் ரெசிஸ்டர் பெரியது. செல்லைத் தொட்டதும் கண்ட்ரோலர் விழித்தெழுந்து ஒரு கணம் பல மில்லியாம்ப் கேட்கும், அந்த வோல்டேஜ் முழுவதும் மீட்டரிலேயே விழுந்துவிடும். கண்ட்ரோலர் எழுவதும் விழுவதுமாகவே இருக்கும், எண் எகிறிக்கொண்டே இருக்கும். 

பின்மூடியைக் கழற்றிவிடுங்கள். மீட்டரின் ஒரு முனை செல்லின் அடியில், மறுமுனை பாடியின் விளிம்பில் அனோடைஸ் இல்லாத வெறும் வளையத்தில். அதே இரண்டு இடங்களையும் முதலை கிளிப் போட்ட ஒரு வயரால் இணைத்து வையுங்கள். இப்போது கரண்ட் முழுக்க வயர் வழியே போகும். டார்ச்சை ஒரு முறை எரியவிட்டு அணையுங்கள். அரை நிமிஷம் விடுங்கள், கண்ட்ரோலர் தூங்கட்டும். மீட்டர் மைக்ரோஆம்ப்பில் இருக்கட்டும். இப்போது வயரை மட்டும் கழற்றுங்கள், மீட்டரின் முனைகள் அசையக் கூடாது. முதலில் வரும் எண்ணை விட்டுவிட்டு, நிலைத்த எண்ணை எழுதுங்கள். சில டார்ச்சுகள் சில விநாடிக்கு ஒரு முறை செல் வோல்டேஜைப் பார்க்க எழும், அந்தத் துள்ளலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுவிட்சுப் பொட்டை அணைக்க முடிகிற மாடல் என்றால் எரிய வைத்து ஒன்று, அணைத்து ஒன்று என இரண்டு எண் எடுங்கள். செல்லின் வோல்டேஜையும் பக்கத்தில் குறித்துப் போடுங்கள். 4.2-இல் எடுத்ததும் 3.3-இல் எடுத்ததும் ஒன்றாக இருக்காது.